நீரில் குமிழியிடும் சிலிகான் குழாய்: பாடுகிறவர்கள் வாங்கலாமா?

பாட்டுப் பயிற்சிக்கென்று கடைகளில் விற்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவற்றை நான் என் மாணவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை. தம்புராவோ நல்ல சுருதிப்பெட்டியோ ஒன்று, பிழையைக் கேட்டுச் சொல்ல ஓர் ஆசிரியர், நாள் தவறாத சாதகம் (பாட்டுப் பயிற்சி) ஆகிய மூன்றும் இருந்தால் வேறொன்றும் வேண்டாம் என்பதுதான் பல ஆண்டுகளாக நான் சொல்லிவருவது. அதற்கு விலக்காக நான் ஒப்புக்கொள்ளும் பொருள் ஒன்று உண்டு. சுமார் 35 செ.மீ. நீளமும் 9 முதல் 12 மி.மீ. வரை உள்விட்டமும் கொண்ட, எளிதில் வளையும் ஒரு சிலிகான் குழாய் அது. அதன் ஒரு நுனியைப் பாட்டிலிலோ உயரமான தம்ளரிலோ உள்ள தண்ணீரில் சற்றே அமிழ்த்தி, மறு நுனியை உதடுகளால் கவ்விக்கொண்டு, குமிழிகள் எழ எழச் சுரம் பிடிப்பதுதான் பயிற்சி. குரல் சிகிச்சையாளர்கள் இதை 'லாக்ஸ் வாக்ஸ்' என்று அழைக்கிறார்கள். இப்போது நம் ஊரிலும் இணையக் கடைகளில் இது பல பெயர்களில் விற்பனைக்கு வந்துவிட்டது. கர்நாடக இசை பயில்வோரும், நாள் முழுவதும் குரல் கொடுக்கும் பள்ளி ஆசிரியர்களும், ஓதுவார்களும், மெல்லிசை மேடைகளில் பாடுகிறவர்களும் இதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் காரணங்களை நம்பி வாங்க வேண்டாம்.

தொண்டை ஏன் களைத்துப்போகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டால் குழாயின் பயன் தானே விளங்கும். ஐந்து கட்டை என்னும் சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் மத்திம ஸ்தாயி ஷட்ஜம், அதாவது நடு நிலையிலுள்ள 'ச', ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்தை நீட்டிக் கார்வை கொடுத்து நிற்கும்போது அவருடைய தொண்டையிலுள்ள மடிப்புகளான இரண்டு குரல்நாண்களும் நொடிக்கு 196 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. மேல் 'ச'-வான தார ஷட்ஜத்தில் அது 392 ஆகிறது. அதற்கும் மேலே 'ப'-வான தார பஞ்சமத்தில் 587 ஆகிறது. ஒரு கட்டையில் பாடும் ஆணுக்கு ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. மூச்சு வாங்கும் இடைவெளிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு மணி நேரச் சாதகத்தில் மோதல்களின் எண்ணிக்கை லட்சங்களில்தான் வரும். பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டாத அந்த மடிப்புகள் இத்தனை அசைவுக்கும் ஈடுகொடுக்கும் மென்மையோடுதான் அமைந்திருக்கின்றன. ஆகவே எண்ணிக்கையைக் காட்டிலும் ஒவ்வொரு மோதலின் விசைக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். தனக்கு இயல்பான சுருதியைவிட அரைக்கட்டை கூட்டி வைத்துக்கொண்டு பாடுவதும், தார ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்கக் குரலை அழுத்துவதும், 'அடிவயிற்றிலிருந்து பாடு' என்று ஆசிரியர் சொன்னதை வயிற்றை இறுக்கிக் காற்றைத் தள்ளு என்று பொருள்கொள்வதும், காலை முதல் வகுப்பறையில் உரத்துப் பேசிவிட்டு மாலையில் தொண்டைக்கு ஓய்வே கொடுக்காமல் வர்ணத்தை இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) பாடத் தொடங்குவதும் அந்த விசையைக் கூட்டுகின்றன. அதன் விளைவாக மடிப்புகளின் நடுப்பகுதியில் வீக்கமும், நாளடைவில் காய்ப்பு போன்ற முடிச்சுகளும் வருவதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் பாடகர்களிடமும் ஆசிரியர்களிடமும் அடிக்கடி காண்கிறார்கள்.

இந்தக் குழாயின் ஊர் பின்லாந்து. 1960களில் அங்கே பேச்சொலியியல் பேராசிரியரான ஆன்ட்டி சோவியார்வி கண்ணாடிக் குழாய் ஒன்றைக் குரல் பயிற்சிக்கும் சிகிச்சைக்கும் பயன்படுத்தும் முறையை வகுத்தார். பிற்பாடு அதே நாட்டைச் சேர்ந்த பேச்சு சிகிச்சையாளர் மார்கெட்டா சிஹ்வோ கண்ணாடிக்குப் பதிலாக வளையும் சிலிகான் குழாயைக் கொண்டுவந்தார். எளிதில் உடையாதது, கைப்பையில் சுருட்டி எடுத்துப் போகலாம், உடலை நேராக வைத்துக்கொண்டே பயிற்சி செய்யலாம் என்பவை அதன் வசதிகள். அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்சே வாயைப் பாதி மூடிச் செய்யும் இத்தகைய பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான இயற்பியல் அடிப்படையை விளக்கி 2006இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சிகிச்சை அறைகளுக்கு வெளியே பாடகர்களிடையேயும் ஸ்ட்ராவும் குழாயும் பரவலாயின.

அந்த அடிப்படை கடினமானதன்று. வாய் அகலத் திறந்திருக்கும்போது குரல்நாண்களுக்குக் கீழே காற்றழுத்தம் மிகுதியாகவும் மேலே மிகக் குறைவாகவும் இருக்கிறது. வெளியேறும் வழியை ஒரு குழாயால் சுருக்கிவிட்டால் காற்று சற்றே தேங்கி, நாண்களுக்கு மேலேயும் ஓர் எதிரழுத்தம் உருவாகிறது. இருபுறத்து அழுத்த வேறுபாடு குறைவதால் நாண்கள் ஒன்றையொன்று அறைந்து மூடாமல் மெல்லத் தொட்டு விலகுகின்றன. அத்துடன், குழாயால் நீண்டுவிட்ட காற்றுத் தம்பம் தன் நிலைமத்தால் நாண்களின் அசைவுக்கு, ஊஞ்சலைச் சரியான கணத்தில் தொட்டுத் தள்ளுவது போல, ஒவ்வொரு சுற்றிலும் கைகொடுக்கிறது. குரல் எழும்பத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் இதனால் இறங்கிவிடுகிறது. தண்ணீர் இதில் இன்னொன்றைச் சேர்க்கிறது. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் வாய்க்குள் அழுத்தம் ஏறி இறங்குவதால் கன்னங்களும் தொண்டைச் சுவரும் குரல்வளையும் மெல்ல அதிர்கின்றன. இறுகிப்போன கழுத்துத் தசைகள் தளர்வதைப் பாடுகிறவர் உடனே உணர முடிகிறது.

ஆழம் பற்றிய விவரம் மிகவும் முக்கியமானது. குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறதோ, குமிழி வெளிவர வாய்க்குள் அத்தனை சென்டிமீட்டர் நீரழுத்தமாவது வேண்டும். பாட்டிலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இங்கே பொருட்டே இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழே நுனி எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு. குரலை இளக்குவதற்கு இரண்டு செ.மீ. போதும், பழகிய பிறகு நான்கு வரை போகலாம். அதற்கும் கீழே ஆழமாக அமிழ்த்தும் முறை சிகிச்சையில் உண்டு. ஆனால் அது குரல்நாண்கள் சரிவர மூடாத வேறு வகைக் கோளாறுகளுக்காகச் சிகிச்சையாளரின் மேற்பார்வையில் செய்யப்படுவது. நான் வாங்கிய குழாயுடன் வந்த துண்டுத் தாளில் இந்த வேறுபாடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'பாட்டிலின் அடிவரை விடவும்' என்று மட்டும் அச்சிட்டிருந்தது. நிறைந்த ஒரு லிட்டர் பாட்டிலில் அடிவரை விட்டுச் சுரம் பிடிப்பவர் எந்த அழுத்தத்தைக் குறைக்க வந்தாரோ அதையே கூட்டிக்கொண்டு எழுந்து போவார்.

கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு இந்தப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. மேல்நாட்டு இசைக்கென்று வகுத்த பியானோ வரிசைகளே எல்லாவற்றிலும் இருக்கின்றன. என் வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டிலை மார்பு உயரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். பாட்டிலைத் தரையில் வைத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தால் குரல்வளை நெருக்கப்பட்டுவிடும். குழாயைப் பல்லால் கடிக்காமல் உதடுகளால் மட்டும் கவ்வி, நாக்கைக் குழாயின் கீழே தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் குரலே இல்லாமல் வெறும் மூச்சை விட்டுக் குமிழி எழுப்பி, பிறகு 'ஊ' என்ற ஒலியோடு ஷட்ஜத்தில் நிற்க வேண்டும். கன்னங்கள் துள்ளத் துள்ள இருந்தால் சரி. கன்னங்களை இறுக்கிப் பிடித்தால் பயன் பாதி போய்விடும். ஷட்ஜம் நிலைத்த பிறகு, மந்திர (கீழ்) ஸ்தாயிப் பஞ்சமத்திலிருந்து மத்திம ஸ்தாயிப் பஞ்சமம் வரை தனிச் சுரங்களாக இல்லாமல் ஒரே இழைப்பாக, ஜாருவாக மேலே போய்க் கீழே வர வேண்டும். அடுத்துதான் மாயாமாளவகௌளை ராகத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை, அதுவும் முதல் காலத்தில் மட்டும்.

சரளி வரிசையைக் குழாயில் பாடும்போது, காது கேட்கத் தவறுவதைக் கண் பார்த்துவிடுகிறது. இதுதான் இந்தப் பொருளின் மிகப் பெரிய சிறப்பு என்று நான் கருதுகிறேன். குமிழிகள் ஒரே அளவில், ஒரே வேகத்தில் எழுந்தால் காற்று சீராகப் போகிறது என்று பொருள். ச ரி க ம வரை பெரும்பாலானோருக்குத் தண்ணீர் அமைதியாகவே கொதிக்கும். ப த வரும்போது லேசாக மாறும். நி-யிலிருந்து மேல் ச-வுக்குப் போகும் இடத்தில்தான் உண்மை வெளிப்படுகிறது. அந்த ராகத்தில் நிஷாதத்துக்கும் ஷட்ஜத்துக்கும் இடையே இருப்பது மிகச் சிறிய இடைவெளி. ஆனாலும் மேல் ஷட்ஜம் என்றாலே தாவிப் பிடிக்க வேண்டும் என்ற பழக்கத்தில் மாணவர்கள் ஒன்று காற்றைப் பீய்ச்சுவார்கள், அல்லது தொண்டையை இறுக்குவார்கள். பீய்ச்சினால் தண்ணீர் பொங்கி மேலே தெறிக்கும். இறுக்கினால் குமிழிகள் திடீரென்று அருகி, சில வேளைகளில் நின்றேபோகும், ஆனால் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். தொடக்கப் பள்ளியில் கற்பிக்கும் ஒரு மாணவி மேல் ஷட்ஜத்தில் தன் குரல் 'ஒல்லியாகிவிடுகிறது' என்றே நெடுங்காலம் முறையிட்டுவந்தார். 'இறுக்காதே' என்று நான் எத்தனை முறை சொல்லியும் பிடிபடாத ஒன்று, அந்த இடத்தில் குமிழி நின்றுபோவதைத் தன் கண்ணாலேயே பார்த்தபோது அவருக்குப் பிடிபட்டது. குமிழி அறாமல் நி-யைக் கடந்து ச-வில் நிற்க அவர் பழகிய பிறகு, அதே இடத்தைத் திறந்த வாயோடு பாடச் சொன்னேன். குரலில் கனம் குறையாமல் சுரம் நின்றது. நான் சொற்களால் கற்பிக்க முயன்றதைத் தண்ணீர் கற்பித்ததில் எனக்கு மனநிறைவே.

கமகங்கள் என்னும் சுர அசைவுகளைப் பொறுத்தவரை நிதானம் வேண்டும். தோடியின் காந்தாரம் போன்ற பெரிய அசைவுகளைக் குழாயில் மெதுவாகப் பாடிப் பார்ப்பது மிக நல்லது. அசைவு தாடையிலிருந்தும் கழுத்திலிருந்தும் வருகிறதா, குரலிலிருந்தே வருகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். ஏனெனில் தாடை ஆடினால் குழாயும் ஆடும். பிருகாக்கள் எனப்படும் அதிவேகச் சுரக்கோவைகளுக்கு இது உதவாது. வேகமான சங்கதிகளைக் குழாயில் உருட்டினால் குமிழிச் சத்தத்தில் சுரங்கள் கரைந்து போகும், சுத்தமில்லாத பிருகாவே பழகிவிடும்.

ஒவ்வொரு குழாய்ப் பயிற்சிக்கும் பின்னால், அதே சுரத்தொடரை அகாரத்தில், அதாவது 'ஆ' என்று, வாய் திறந்து பாடியே ஆக வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்குக் குழாய் ஒரு விளையாட்டுப் பொருள்தான். பலர் குழாயை வாயில் வைத்திருக்கும் வரை தொண்டை இளகியிருப்பதை உணர்ந்து மகிழ்ந்துவிட்டு, குழாயைக் கீழே வைத்த மறுகணமே பழைய அழுத்தத்தோடு பாடத் தொடங்குகிறார்கள். ஆகவே நான் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறேன். குழாயில் ஒரு முறை. குழாயை எடுத்துவிட்டு உதடுகளை அதே வடிவில் குவித்து 'ஊ' என்று ஒரு முறை. 'ஊ'-விலிருந்து 'ஓ', 'ஓ'-விலிருந்து 'ஆ' என்று வாயை மெல்ல மெல்லத் திறந்து ஒரு முறை. கடைசியில் முழு அகாரத்தில் ஒரு முறை. 'ஓ'-வுக்கும் 'ஆ'-வுக்கும் நடுவில் தொண்டை மீண்டும் பிடித்துக்கொள்ளும் கணத்தை மாணவரே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் ஒரு படி பின்னால் வந்து மறுபடி திறக்க வேண்டும். விடியற்காலையில் மந்திர ஸ்தாயியில் நீண்ட நேரம் அகார சாதகம் செய்த முந்தைய தலைமுறையினர் அடைந்த இளக்கமும் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு அந்த நேரம் கிடைத்தது. வேலைக்குப் போய்வந்து இரவு எட்டு மணிக்குத் தம்புராவை மீட்டத் தொடங்குகிறவருக்கு அதே வாசலைச் சில நிமிடங்களில் திறந்துவிட ஓர் உதவி தேவைப்படுகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் குறை சத்தம். குமிழிகளின் கலகலப்பில் தம்புராவின் நாதம் மங்கிவிடுகிறது. சுருதி சேராமல் பாடினாலும் பாடுகிறவருக்குத் தெரியாமல் போகலாம். ஒரு காதில் மட்டும் ஹெட்போன் வைத்துச் சுருதியைக் கேட்டுக்கொண்டு பாடுவதே இதற்கு மாற்று. சுருதி ஞானம் இன்னும் நிலைபெறாத சிறு பிள்ளைகளுக்கு இந்தக் காரணத்தாலேயே நான் குழாயைத் தருவதில்லை. அடுத்தது தூய்மை. உள்ளே ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். ஒவ்வொரு நாளும் வெந்நீரில் சோப்பிட்டுக் கழுவி, இரு நுனிகளும் கீழே தொங்கும்படி காயப்போட வேண்டும். தண்ணீரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். ஒருவர் குழாயை மற்றவர் பயன்படுத்தவே கூடாது. இதற்கான நீண்ட தூரிகை ஒன்றைக் கூடவே வைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் தோன்றவில்லை. ஓர் இணையக் கடையிலிருந்து எனக்கு வந்த குழாயில் ரப்பர் நாற்றம் கழுவக் கழுவப் போகவில்லை, அதைத் தூக்கி எறிந்துவிட்டேன். உணவுத் தரச் சிலிகானுக்கு நாற்றமே இருக்கக் கூடாது.

விளம்பரங்களைப் பற்றி எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. மூன்று வாரங்களில் அரை ஸ்தாயி கூடும், கம்மிய குரல் மீளும், முடிச்சுகள் கரையும் என்றெல்லாம் பெட்டிகளில் எழுதுகிறார்கள். குரலின் எல்லையைக் குழாய் நீட்டிக்கொடுப்பதில்லை. இருக்கும் எல்லைக்குள் இறுக்கமில்லாமல் போய்வர வழிகாட்டுகிறது. முடிச்சு இருக்கிறதா என்பதை உள்நோக்கிக் கருவியால் பார்த்து மருத்துவர்தான் சொல்ல முடியும். சளியோ காய்ச்சலோ இல்லாமல் மூன்று வாரங்களுக்கு மேல் கரகரப்பு நீடித்தாலும், பாடும்போது வலி இருந்தாலும், கச்சேரியின் நடுவில் குரல் திடீரென்று அறுந்தது போலப் போனாலும், குழாயைக் கையிலெடுக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முடிச்சுகள் உள்ளவர்களுக்கும் இதே குழாய்ப் பயிற்சி தரப்படுவது உண்டுதான். ஆனால் அது பேச்சு சிகிச்சையாளர் வகுத்துக் கொடுக்கும் முறைப்படி, பேச்சுப் பழக்கங்களை மாற்றுவதோடு சேர்த்துத் தரப்படுவது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்றினால் யாரானாலும் உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும். தொடர்ந்து ஊதிக்கொண்டிருப்பதால் வருவது அது.

இதையொட்டி மிளகு, சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு பற்றியும் கேட்கிறார்கள். இவை தொண்டைக்கு இதமானவை, நானும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நாம் விழுங்குவது உணவுக்குழாய் வழியே போகிறது. குரல்நாண்கள் இருப்பதோ மூச்சுக்குழாயின் வாசலில். ஆகவே எந்தக் கஷாயமும் அவற்றை நேரடியாகத் தொடுவதில்லை. உடலில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்வது நாண்களின் மேலுள்ள ஈரப் படலத்தைக் காக்கிறது. உலர்ந்த நாண்கள் அதிர அதிக அழுத்தம் வேண்டும். கச்சேரி நாளன்று காலையிலிருந்தே தண்ணீர் குடித்துவர வேண்டும், மேடையேறும் முன் ஒரு தம்ளர் குடித்துவிட்டுப் போவது போதாது.

இதே பயனை வேறு எளிய வழிகளில் பெற முடியாதா என்றால், பெருமளவு முடியும். உதடுகளைத் தளர்த்தி 'ப்ர்ர்' என்று அதிரவிட்டுச் சுரம் பாடுவதும், வாயை மூடி 'ம்' என்று ரீங்கரிப்பதும் செலவே இல்லாதவை. உதடு அதிர்வைச் சிலரால் தொடர்ந்து செய்ய முடிவதில்லை, மூச்சு சீராக இல்லையென்றால் அது நின்றுவிடும். மெல்லிய ஸ்ட்ரா மூலம் காற்றிலேயே பாடுவது குழாய்க்கு மிக நெருக்கமான மாற்று. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஸ்ட்ராவில் காற்று கூடக் கூட எதிரழுத்தமும் கூடிக்கொண்டே போகும், உள்விட்டம் குறுகக் குறுக இன்னும் கடுமையாகும். நீரில் அமிழ்ந்த அகலக் குழாயிலோ அழுத்தத்தைப் பெரும்பாலும் ஆழமே தீர்மானிக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இரண்டாவதே பாதுகாப்பானது, கண்ணுக்கும் விவரம் சொல்வது. ஸ்ட்ராவைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ராவின் வெளி நுனியை விரலால் சட்டென்று அடைத்தால் குரல் அக்கணமே நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் காற்று மூக்கு வழியே கசிகிறது; பயிற்சி நடக்கவில்லை என்று பொருள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி முன்புறம் சிறு துளை விட்டிருக்கும் முகமூடிகளும் இப்போது வருகின்றன. சாகித்தியத்தை (பாட்டின் சொற்களை) உச்சரித்தபடியே பயிற்சி செய்யலாம் என்பது அவற்றின் உண்மையான நன்மை, அனுபல்லவியில் மேலே போகும் ஒரு வரி மட்டும் தொண்டையைப் பிடிக்கிறது என்பவருக்கு அது உதவும். ஆனால் விலை பல மடங்கு. மேடைக்கு வந்துவிட்ட பாடகருக்குப் பொருந்தலாம், பயில்பவருக்கு அவசியமில்லை.

பாடுவதற்கு முன்னால் குரலை இளக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பாடி முடித்த பிறகு குரலை இறக்குவதைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. மார்கழி சீசனில் சென்னையில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலைப் பனி, சபா வாசல் தூசு, அரங்கின் ஏசி, மேடையைவிட்டு இறங்கியதும் சூழ்ந்துகொள்ளும் ரசிகர்களோடு உரத்த பேச்சு ஆகிய எல்லாம் சேர்ந்து, கச்சேரியில் செலவானதைவிட அதற்குப் பிந்தைய அரைமணியில் குரலுக்கு அதிகச் சேதம் விளைந்துவிடலாம். மங்களம் பாடி முடித்ததும் ஒப்பனை அறையில் குழாயை எடுத்து, பஞ்சமத்திலிருந்து மந்திர ஸ்தாயிக்கு இழைத்து இழைத்து இறங்கினால், பேச்சுக்குரல் தன் இயல்பான உயரத்துக்குத் திரும்பிவிடும். உச்ச ஸ்தாயியில் நிரவலும் கல்பனாஸ்வரமும் பாடிய குரல் அதே உயரத்தில் நின்றபடி பேசத் தொடங்குவதாலும் மறுநாள் காலை தொண்டை கட்டிக்கொள்ளலாம். இந்தப் பயனுக்காக மட்டுமே கூட இதை வாங்கலாம் என்று மேடைக் கலைஞர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்கிறேன். வகுப்பறை ஆசிரியர்களுக்கும் பகல் இடைவேளையில் இதே பயன் உண்டு.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பெண்களுக்கும் இளையோருக்கும் 9 மி.மீ. உள்விட்டம் உதடுகளுக்கு வசதியாக இருக்கிறது. பெரியவர்களில் ஆண்களுக்கு 10 அல்லது 12. குழாய் ஒளி ஊடுருவுவதாக இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே அழுக்கு படிவது தெரியும். வண்ணக் குழாய்களைத் தவிர்த்துவிடலாம். விரலால் அழுத்தினால் அமுங்கி உடனே பழைய வடிவுக்கு வர வேண்டும். வளைக்கும்போது மடிந்து அடைபட்டுவிட்டால் அது மெல்லிய சுவர் கொண்டது, திருப்பிக் கொடுத்துவிடலாம். துளையிட்ட மூடியோடு வரும் பாட்டிலுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள உயரமான கண்ணாடித் தம்ளரில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி இரண்டு செ.மீ. அளவைக் குறித்துக்கொண்டால் போதும். ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைகளில் உணவுத் தரச் சிலிகான் குழாயை மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறார்கள். அங்கே வாங்கினால் அழகான பெட்டியில் வருவதன் விலையில் வகுப்புக்கே தேவையானதை வாங்கிவிடலாம். நான் இப்போது அப்படித்தான் வாங்கி, 35 செ.மீ. துண்டுகளாக வெட்டி, நுனிகளைக் கூர் இல்லாமல் தேய்த்து, கொதிநீரில் போட்டெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சரளி வரிசையை அடுத்த பாடமான ஜண்டை வரிசை முடித்து, தம்புராவோடு ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாமல் நிற்கத் தொடங்கிய பிறகே அது கைக்கு வரும்.